ஆடாமல் தோற்ற ஆட்டங்கள்

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள் மாலை, தாய்லாந்து நாட்டின் வடபகுதியிலுள்ள சியாங் மாய் நகரில், நம் நாட்டு மகளிர் கால்பந்து அணி தாய்லாந்து அணியை 2-1 என்ற கணக்கில் வென்றது. அன்று இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் நம் ஆடவர் கிரிக்கெட் அணியும் ஆடிக்கொண்டிருந்தது. நாட்டின் கண்கள் அங்கேதான் இருந்தன. ஆதலின் சியாங் மாயில் நடந்தது என்ன, அதன் பொருள் என்ன என்பதை நம் பங்குக் குடும்பங்களில் அறிந்தோர் சிலராகவே இருக்கக்கூடும். தருமபுரி மாவட்டத்தில், மாந்தோப்புகளுக்கும் கேழ்வரகுக் கொல்லைகளுக்கும் நடுவே வாழும் நமக்கு அச்செய்தி எவ்வகையில் உரியது என்று சிலர் வினவலாம். உரியது என்றே நாம் கருதுகின்றோம். நம் இல்லங்களிலும் பெண்மக்கள் இருக்கின்றனர். அவர்களுக்கும் கால்கள் இருக்கின்றன.

அன்று நடைபெற்றது நட்பு முறையிலான ஆட்டம் அன்று; ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். தகுதிச் சுற்று என்பதை நம் பிள்ளைகளின் பள்ளி விளையாட்டைக் கொண்டே எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒரு பள்ளி அணி நேரே சென்னைக்குச் சென்று மாநிலப் போட்டியில் ஆடிவிட முடியாது. முதலில் குறுவட்டத்தில் வெல்ல வேண்டும், பின்னர் வருவாய் மாவட்டம், அதன்பின் மண்டலம், அதற்கும் பின்னரே மாநிலம். ஒவ்வொரு படியிலும் வாயில் குறுகிக்கொண்டே போகும். நாடுகளுக்கும் இதே முறைதான். 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடத்துவதற்கென வகுக்கப்பட்ட மகளிர் ஆசியக் கோப்பையில் இடங்கள் பன்னிரண்டு. போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியாவுக்கும், முந்தைய கோப்பையில் சிறந்து நின்ற சீனா, தென்கொரியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளுக்கும் இடம் முன்னரே உறுதியாயிற்று. எஞ்சிய 8 இடங்களுக்கு 34 நாடுகள் எட்டுப் பிரிவுகளாக நின்று மோதின. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே வழி. இரண்டாம் இடம் பெற்றவர்க்கு ஆறுதல் சொல்ல ஆள் இருக்கலாம். அனுமதிச் சீட்டு இல்லை. மேலும், பிரேசில் நாட்டில் 2027இல் நடத்தப்பட உள்ள உலகக் கோப்பைக்கு ஆசியாவிலிருந்து செல்வோர் யார் என்பதும் இந்த ஆசியக் கோப்பையின் வழியாகவே முடிவாகும் என்பது ஏற்பாடு.

இந்தியா இருந்த பிரிவில் மங்கோலியா, கிழக்குத் தைமூர், ஈராக், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகள் இருந்தன. ஆட்டங்கள் யாவும் தாய்லாந்து மண்ணிலேயே. ஜூன் 23இல் மங்கோலியாவுக்கு எதிராக நம் பெண்கள் 13 கோல்கள் அடித்தனர். அவற்றுள் ஐந்து பியாரி சாசா என்னும் ஒடிசா மாநிலப் பெண்ணுடையவை. கிழக்குத் தைமூருக்கு எதிராக 4, ஈராக்கிற்கு எதிராக 5. மூன்று ஆட்டங்களில் 22 கோல்கள் அடித்து, ஒன்றையேனும் வாங்காமல் நின்றது இந்தியா. வியப்பு என்னவெனில், தாய்லாந்தும் அதே மூன்று அணிகளுக்கு எதிராகச் சரியாக 22 கோல்கள் அடித்து, ஒன்றும் வாங்காமல் நின்றது. புள்ளிகளும் சமம், கோல்களும் சமம். எனவே ஜூலை 5ஆம் நாள் ஆட்டமே எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

தாய்லாந்து எளிய அணி அன்று. 2015, 2019 ஆகிய இரு உலகக் கோப்பைகளில் ஆடிய அணி. உலகத் தரவரிசையில் அப்போது 46ஆம் இடம்; நமக்கு 70. சொந்த நாடு, சொந்த மக்களின் ஆரவாரம். ஆட்டத்தின் 29ஆம் நிமிடத்தில் சங்கீதா பாஸ்ஃபோர் என்னும் நடுக்கள ஆட்டக்காரர் முதல் கோலை அடித்தார். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய உடனேயே தாய்லாந்து அதனைச் சமன் செய்தது. இனி எழுவது கடினம் என்று தோன்றிய வேளையில், 74ஆம் நிமிடத்தில் அதே சங்கீதா மீண்டும் ஒரு கோல் அடித்தார். மேற்கு வங்கத்தின் கல்யாணி ஊரைச் சேர்ந்த இவர், எல்லைக் காவல் படையொன்றில் பணிபுரிபவர். பயிற்சியாளர் கிறிஸ்பின் சேத்ரியின் அணி எஞ்சிய நேரம் முழுவதும் அரண் போல் நின்று அந்த வெற்றியைக் காத்தது. தகுதிச் சுற்றில் ஆடி வென்று இந்திய மகளிர் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதன்முறை. அதற்கு முன் இந்தியா அக்கோப்பையில் பங்கேற்கவில்லையோ எனின், பங்கேற்றது. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றோம். ஏனெனில் நம் கட்டுரையின் கருப்பொருள் அங்கேதான் இருக்கின்றது.

நம்மில் ஐம்பதைக் கடந்தோர்க்கு, பெண்கள் பந்தாடுவது நேற்று முளைத்த புதுமை என்றொரு நினைப்பு உண்டு. அது சரியன்று. இந்தியாவில் மகளிர் கால்பந்துக்கெனத் தனிக் கழகம் 1975இலேயே தோன்றிவிட்டது. 1980இல் நமக்கு அண்மையிலுள்ள கேரளத்தின் கோழிக்கோட்டில் ஆசிய மகளிர் போட்டி நடந்தது. போட்டியை நடத்திய இந்தியா அதில் இரண்டு அணிகளை இறக்கியது. அவற்றுள் ஒன்று இறுதியாட்டம் வரை சென்று, சீனத் தைபேயிடம் தோற்று, ஆசியாவின் இரண்டாம் இடத்தைப் பெற்றது. 1983இல் பாங்காக்கில் மீண்டும் இறுதியாட்டம். மீண்டும் இரண்டாம் இடம். அன்று நம்மை வென்றது யார் தெரியுமா? இதே தாய்லாந்துதான். அவ்வாண்டில் சாந்தி மல்லிக் என்னும் வங்காளத்து வீராங்கனைக்கு அருச்சுனா விருதும் கிடைத்தது. இன்று பாட்டியாகிவிட்ட பெண்கள் அன்று ஆசியாவின் இரண்டாம் அணியாய் நின்றனர் என்பதை நம் பேத்திகளுக்கு யாரேனும் சொல்லியிருக்கின்றோமா?

அதன்பின் நேர்ந்தது தோல்வியன்று. தோல்வியினும் கொடிய ஒன்று. மற்ற நாடுகள் பணமும் பயிற்சியும் தந்து தம் பெண்களை வளர்த்தன. 1991இல் சீனாவில் முதல் மகளிர் உலகக் கோப்பை நடந்தது. நாமோ வளர்க்கவில்லை. பன்னாட்டு ஆட்டங்கள் குறைந்தன, ஓராண்டில் ஓரிரண்டு, சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. 2003க்குப் பின் ஆசியக் கோப்பையின் வாயிலை நாம் நீண்ட காலம் தாண்டவே இல்லை. 2009இல் உலகக் கால்பந்துச் சம்மேளனம் தன் மகளிர் தரவரிசைப் பட்டியலிலிருந்து இந்தியாவை நீக்கியது. மோசமாக ஆடியதால் நீக்கவில்லை. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக ஓர் ஆட்டமும் ஆடாததால் நீக்கியது. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாடு, பதினொரு பெண்களை ஒரு மைதானத்தில் நிறுத்தாததால் பட்டியலில் பெயரின்றிப் போயிற்று. தோற்றவனுக்குக் கடைசி இடமாவது உண்டு. வராதவனுக்கு அதுவும் இல்லை.

மீண்டும் ஆடத் தொடங்கியபோது அதன் விலை தெரிந்தது. 2017 ஏப்ரலில் வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கில் நடந்த தகுதிச் சுற்றில், வடகொரியாவிடம் 8 கோல்களும் தென்கொரியாவிடம் 10 கோல்களும் வாங்கினோம். நாம் ஒன்றும் அடிக்கவில்லை. ஏட்டைத் திறவாத மாணவன் தேர்வெழுதச் சென்றது போல் இருந்தது அந்நிலை. ஆனால் அப்பெண்கள் ஓடி ஒளியவில்லை. இரண்டே ஆண்டுகளில், 2019 ஏப்ரலில், மியான்மார் நாட்டின் மாண்டலேயில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டத்தில் ஆடினர். இந்தோனேசியாவையும் நேபாளத்தையும் வென்று, மியான்மாருடன் 3-3 எனச் சமன் செய்தனர். புள்ளிகள் சமமாகவே இருந்தும், கோல் வேறுபாட்டால் மியான்மார் மேலே சென்றது. ஆடினால் வளர்வார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

2022 சனவரியில் ஆசியக் கோப்பையே நம் நாட்டிற்கு வந்தது. போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் தகுதிச் சுற்று இன்றியே நமக்கு இடம் கிடைத்தது. 20ஆம் நாள் நவி மும்பையில் ஈரானுடன் ஆடிய ஆட்டம் கோலின்றி முடிந்தது. மூன்று நாள் கழித்துச் சீனத் தைபேயுடன் ஆட வேண்டும். அதற்குள் கொரோனா நோய் அணிக்குள் புகுந்துவிட்டது. ஆட்டத்திற்கு வேண்டிய குறைந்த அளவான 13 பேரைக் கூடக் காட்ட முடியவில்லை. விதிப்படி இந்தியா போட்டியிலிருந்து விலகியதாகக் கொள்ளப்பட்டு, ஆடிய ஓர் ஆட்டமும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. சொந்த வீட்டுத் திருமணத்தில் பந்தியில் அமருமுன் எழுப்பப்பட்டவர் போலானது அப்பெண்களின் நிலை. அதே ஆண்டு ஆகஸ்டில், இந்தியக் கால்பந்துக் கழகத்தின் நிர்வாகச் சிக்கல்களால் உலகச் சம்மேளனம் அதனைச் சில நாட்கள் தடை செய்தது. ஆசிய மகளிர் கழகப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானின் தாஷ்கந்து வரை சென்றுவிட்ட கோகுலம் கேரளா அணியின் பெண்கள், பந்தைத் தொடாமலேயே திரும்பினர். பெரியவர்கள் செய்த பிழைக்குப் பிள்ளைகள் கட்டிய அபராதம் அது.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகின்றது. இந்தியப் பெண்கள் ஆடித் தோற்றவை சில. ஆட வைக்கப்படாமல் தோற்றவை பல. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கதையும் அன்று. இங்கிலாந்தில் 1920ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் லிவர்பூல் நகரில் நடந்த பெண்கள் ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். ஓராண்டு கழியுமுன், 1921 டிசம்பரில், அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன்னைச் சேர்ந்த மைதானங்களில் பெண்கள் ஆடலாகாது என்று தடை விதித்தது. ஆட்டம் பெண்களின் உடலுக்கு ஒவ்வாது என்று சொல்ல மருத்துவர்களும் கிடைத்தனர். அத்தடை அரை நூற்றாண்டுக் காலம் நீடித்தது. பிரேசில் 1941இல் சட்டம் போட்டே தடுத்தது. 1979இல்தான் அத்தடை நீங்கியது. 2027 மகளிர் உலகக் கோப்பையை நடத்தும் பொறுப்பு இன்று அதே பிரேசிலிடம் தரப்பட்டுள்ளது! ஆப்கானிஸ்தானிலோ 2021இல் தாலிபான் ஆட்சி மீண்டபின் மகளிர் அணியினர் நாட்டைவிட்டே தப்பியோட நேர்ந்தது. சியாங் மாயிலும் பிற ஊர்களிலும் நடந்த தகுதிச் சுற்றில் 34 நாடுகளின் பெயர்கள் இருந்தன. ஆப்கானிஸ்தானின் பெயர் இல்லை.

தமிழகத்தின் நிலை அத்துணை வறுமையானது அன்று என்பதில் நமக்கு மகிழ்ச்சி. 2018இல் கட்டக் நகரில் நடந்த தேசிய மகளிர் சாம்பியன் போட்டியில், பல்லாண்டுகளாக அசைக்க முடியாதிருந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என வென்றது. 2023இல் அமிர்தசரசில் அரியானாவை வென்று மீண்டும் பட்டம் பெற்றது. இடையே 2019இல் மதுரையின் சேது அணி, நாட்டின் மகளிர் லீக் கோப்பையைத் தமிழகத்திற்குக் கொண்டு வந்தது. இவ்வெற்றிகளின் வேர்களுள் ஒன்று கடலூரில் இருக்கின்றது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அக்கடற்கரையைச் சூறையாடிய பின், மாரியப்பன் என்னும் பயிற்சியாளர் ஏழைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து அங்கே பந்தாட்டம் பழக்கினார். கடலூர் மண் பயிற்றிய பெண்கள் பின்னர் மாநில அணியிலும் நாட்டு அணியிலும் இடம் பிடித்தனர்.

அவர்களுள் இந்துமதி கதிரேசன் பெயரை நம் வாசகர்கள் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவுக்காகப் பல ஆண்டுகள் நடுக்களத்தில் ஆடியவர். பந்தாட்டத்தின் வழியாகவே தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் பணி பெற்றவர். 2020இல் ஊரடங்கின்போது நாமெல்லாம் கதவடைத்து இல்லங்களுக்குள் இருந்த நாட்களில், அவர் சென்னைத் தெருக்களில் முகக்கவசமணிந்து காவற்பணி புரிந்துகொண்டிருந்தார். 2022 ஆசியக் கோப்பை அணியிலும் இருந்தார். அந்த அணி எவ்வாறு வெளியேறியது என்பதை மேலே கண்டோம். சந்தியா ரங்கநாதன், கார்த்திகா அங்கமுத்து, பிரியதர்சினி செல்லதுரை என நாட்டுச் சீருடை அணிந்த தமிழ்ப் பெண்களின் பெயர்கள் இன்னும் உள. இவர்களில் யாரும் செல்வச் செழிப்பில் பிறந்தவர் என்று நாம் கேள்வியுற்றதில்லை.

கடலூரில் முடிந்தது நம் மாவட்டத்தில் முடியாதா என்ற வினா இங்கே எழுகின்றது. தருமபுரிக்கென்று ஒரு பழங்கணக்கு இருக்கின்றது. அதைச் சொல்லாமல் மேலே செல்வது முறையன்று. இன்றைய மாவட்ட எல்லைக்குள், 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் ஏறத்தாழ 826 பேரே. பெண் சிசுக்களைக் காக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, பின்னர் நம் மாவட்டத்திற்கும் வந்ததற்குக் காரணம் இதுவே. 2011இல் அவ்வெண்ணிக்கை 900ஐத் தாண்டியது. அரசு, ஆசிரியர்கள், அருட்சகோதரிகள், தொண்டு அமைப்புகள், எல்லாவற்றுக்கும் மேலாக நம் தாய்மார்கள், இவர்கள் எல்லாரும் சேர்ந்து ஈட்டிய மாற்றம் இது. 2011இல் ஆறு வயதுக்குட்பட்டவராய் எண்ணப்பட்ட அப்பெண்களே இன்று மேல்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயில்கின்றனர். பிறக்க விட்டோம், பள்ளிக்கும் அனுப்பினோம். மைதானத்திற்கு அனுப்பினோமா?

பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் நாம் காணும் காட்சி ஒன்றுதான். ஐந்தாம் வகுப்பு வரை ஆணும் பெண்ணும் ஒன்றாய் ஓடுகின்றனர். எட்டாம் வகுப்பில் பெண்கள் மரத்தடியில் அமர்ந்து வேடிக்கை பார்க்கின்றனர். பத்தாம் வகுப்பில் மரத்தடியிலும் அவர்கள் இல்லை. நம் கோவில் திருவிழாக்களில் கால்பந்துப் போட்டி வைத்துக் கோப்பை கொடுக்கின்றோம். அதில் ஆடுவோர் இளைஞர்கள் மட்டுமே. நம் பங்கில் சனிக்கிழமை மாலையைப் பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்கியபோது முதல் வாரம் வந்தவர் நால்வர். பந்து ஒன்று, பிள்ளைகள் நால்வர், மதிலுக்கு வெளியே நின்று நகைத்த பையன்கள் நாற்பது பேர். சில வாரங்களில் பிள்ளைகள் பதினொருவராயினர். நகைப்பும் அலுத்துப் போய் நின்றது. அப்போதுதான் பெற்றோர் ஒவ்வொருவராய் வந்து தம் அச்சங்களைச் சொல்லத் தொடங்கினர். அவ்வச்சங்களை எள்ளி நகையாட நமக்கு மனமில்லை. அவற்றுள் சில வீண். ஒன்று மட்டும் மிக நியாயமானது.

“வயதுக்கு வந்த பெண் அரைக்கால் சட்டையோடு ஊர் நடுவே ஓடுவதா, சாமி?” என்றார் ஒரு தந்தை. நியாயமான கூச்சமே. ஆனால் உடை பந்தாட்டத்திற்குத் தடையாய் இருக்க வேண்டியதில்லை. 2011 ஜூனில் ஜோர்டான் நாட்டில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு வந்த ஈரான் பெண்கள், தலையை மூடும் துணி அணிந்திருந்தார்கள் என்பதற்காக ஆட அனுமதிக்கப்படவில்லை. ஆட்டம் எதிரணிக்கே கொடுக்கப்பட்டது. அப்பெண்கள் மைதானத்தில் அழுத காட்சியை உலகம் கண்டது. அதன்பின் எழுந்த கண்டனங்களால் விதி மாறிற்று. 2014 முதல் தலைத்துணிக்கு முறைப்படி அனுமதி உண்டு. 2022இல் நவி மும்பையில் நம் அணியோடு ஆடிய ஈரான் பெண்கள் தலையையும் கைகால்களையும் மூடியே ஆடினர். நம்மால் அவர்களுக்கு எதிராக ஒரு கோலும் அடிக்க முடியவில்லை. உலகச் சம்மேளனமே உடைக்காக விதியை மாற்றிக்கொண்ட பின், முழுக்காற்சட்டை தைக்க நம் ஊர் தையற்காரரால் முடியாதா?

கருப்பை கெடும், பிள்ளைப்பேறு தடைப்படும் என்பது மற்றோர் அச்சம். சில பாட்டிமார் இதனை உறுதியாகவே சொல்வர். 1921இல் இலண்டன் மருத்துவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. குழந்தைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே உலகக் கோப்பையில் ஆடிய தாய்மார்கள் இன்று பல நாடுகளில் உள்ளனர். நம் பெண்பிள்ளைகளின் உடலுக்குக் கேடு பந்தாலன்று, இரத்தசோகையால் வருகின்றது. சிறிது ஓடியதும் மூச்சு வாங்கும் பிள்ளையை ‘இவளுக்கு ஆட்டம் ஆகாது’ என்று உட்கார வைப்பதைவிட, அவள் தட்டில் என்ன இருக்கின்றது என்று பார்ப்பது நன்று. கேழ்வரகும் நிலக்கடலையும் முருங்கைக்கீரையும் நம் மண்ணில் விளைபவை. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிந்துவிடுகின்றனர் என்று ஆசிரியைகள் குறைபடுகின்றனர். தாய்மார் அதைக் கேட்டறிய வேண்டும்.

‘வெயிலில் கறுத்துவிட்டால் வரன் வராது’ என்பதற்கு நாம் மறுமொழி எழுதப் போவதில்லை. அத்தகைய வரன் வராதிருப்பதே நலம்.

இனி நியாயமான அச்சத்திற்கு வருவோம். பெண்பிள்ளையை வெளியூர் அனுப்புவதில் பாதுகாப்பு உண்டா என்பது அது. இங்கே பெற்றோரின் பக்கமே நாம் நிற்கின்றோம். 2022இல் நாட்டின் 17 வயதுக்குட்பட்ட மகளிர் அணி வெளிநாடு சென்றிருந்தபோது, துணைப் பயிற்சியாளர் ஒருவர் முறைகேடான நடத்தைக்காகப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நாட்டு அணியிலேயே இது நேருமாயின், ஊர்ப் பள்ளியில் எச்சரிக்கை வேண்டாமா? உடன் செல்லும் பெண் ஆசிரியை யார்? இரவு தங்குமிடம் எது? பேருந்து எத்தனை மணிக்குத் திரும்பும்? இவற்றைத் தலைமையாசிரியரிடம் கேட்பது பெற்றோரின் உரிமை. கேட்டதற்காக முகம் சுளிக்கும் நிறுவனத்திற்குப் பிள்ளையை அனுப்ப வேண்டியதில்லை. கூடுமாயின் ஒரு தாய் உடன் செல்லட்டும். ஆனால் பிள்ளைக்கு ஊறு செய்பவனைத் தடுக்காமல் பிள்ளையைத் தடுத்து வீட்டில் பூட்டுவது, கள்வனுக்கு அஞ்சி உழவையே நிறுத்திவிடுவதற்கு ஒப்பாகும்.

படிப்பு கெடும் என்பாரும் உளர். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கின்றது. இந்துமதியின் தோளில் விண்மீன்களை வைத்தது பந்துதான். மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பெண்களுக்கெனத் தனி விளையாட்டு விடுதிகள் நடத்துகின்றது. உணவும் உறைவிடமும் பயிற்சியும் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பள்ளிகளின் குறுவட்டப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரிவுகள் உண்டு. முதலமைச்சர் கோப்பைப் போட்டியிலும் மாவட்ட அளவில் பெண்கள் கலந்துகொள்ளலாம். இவ்வாயில்கள் திறந்தே இருக்கின்றன. சில குறுவட்டங்களில் பெண்கள் கால்பந்துக்கு அணிகளே வராததால், வந்த ஒரே அணி ஆடாமலேயே வென்றதாக எழுதப்படுகின்றது என்று உடற்கல்வி ஆசிரியர்கள் நம்மிடம் கூறினர். வென்ற அந்தப் பிள்ளைகளுக்கும் அதில் மகிழ்ச்சி இருந்திராது.

இந்த இளையோர் பிரிவுகளைச் சிறுவிளையாட்டு என்று எண்ண வேண்டாம். 2025 ஆகஸ்டில் மியான்மாரின் யாங்கூனில், 20 வயதுக்குட்பட்ட நம் பெண்கள் அணி மியான்மாரை ஒரே கோலால் வென்று, இருபது ஆண்டுகளுக்குப் பின் அப்பிரிவின் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அக்டோபரில் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில், 17 வயதுக்குட்பட்டோர் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக முதலில் ஒரு கோல் வாங்கியும் மனந்தளராமல் 2-1 என வென்று தகுதி பெற்றனர். பெரியவர்கள், இளையோர், சிறுமியர் என மூன்று அணிகளும் ஒரே ஆண்டில் தகுதிச் சுற்றைத் தாண்டின. பிஷ்கெக்கில் ஆடிய அச்சிறுமியர் நம் பங்குப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் பயிலும் பிள்ளைகளின் வயதினரே.

இறுதியாக ஒரு நடைமுறைச் செய்தி. வயது வரம்புள்ள எந்தப் போட்டிக்கும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டுப் போட்டியாயின் கடவுச்சீட்டும் வேண்டும். இரண்டிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயரும் பிறந்த நாளும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாய் இருக்க வேண்டும். திருமுழுக்குச் சான்றிதழை நாம் மகிழ்ச்சியோடு எழுதித் தருவோம். போட்டி அலுவலர்கள் அதனை ஏற்பதில்லை. சனிக்கிழமை ஆட்டத்திற்கு வரும் பிள்ளைகளின் சான்றிதழ்களை அண்மையில் வாங்கிப் பார்த்தோம். பதினொன்றில் மூன்றில், பிறந்த நாளும் தந்தை பெயரும் தாய் பெயரும் ஒழுங்காக இருக்கின்றன. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாய் இருக்கின்றது. ‘பெண்’ என்ற குறிப்போடு பதிவு முடிந்துவிடுகின்றது. பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள் பெயரைச் சேர்த்துக்கொள்ள விதி இடந்தருகின்றது. அம்மூவருள் ஒருத்தி நம் அணியின் கோல் காப்பவள். வரும் ஆவணியில் அவளுக்கு 15 நிறைகின்றது. அவள் தந்தையை இத்திங்களே பிறப்புப் பதிவு அலுவலகத்திற்கு அனுப்பியிருக்கின்றோம்.